செப்பு வளையத்துக்குப் பக்கத்தில் நின்றது யார்

ஐயா, ஓசூர் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போன வாரம் நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். அதற்குக் கீழேயே, "மாடியில இருக்கிறதக் கல்யாணத்துக்கு முன்னால கழத்திருங்கம்மா, ஒரு தடவ டாக்டர்ட்டயும் காமிச்சிருவோம்" என்று போட்டிருந்தாய். இதற்குப் போனில் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த சங்கதிகளும் இதில் வரும். தெரிந்ததுதானே என்று தாண்டிப் போகாதே. அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நீ முடிவு கட்டுவதற்கு முன்னால், அம்மா என்ன கண்டாள், எதை வைத்துக் கண்டாள் என்பதை ஒரு தடவையாவது முழுதாகக் கேட்டுக்கொள். கேட்டுவிட்டு அப்புறம் எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் கூட்டிப் போ.

உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த ஒரே வித்தை தந்தி அடிப்பது. அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை எதையும் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டுவது. கங்கைகொண்டான் பக்கம் ஆலையில் மிஷின் பழுது பார்த்துவிட்டு வருகிறவர், வீட்டுக்கு வந்தும் கையைச் சும்மா வைத்திருக்க மாட்டார். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினால் வீட்டிலிருந்தே ஊர் உலகத்தோடு ரேடியோவில் பேசலாம் என்று அவர்தான் விசாரித்துக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் எழுதினோம். நான் தேறினேன், அவர் கோட்டை விட்டார், அடுத்த தடவை தேறினார். அதைச் சொல்லிக்காட்டாமல் நான் ஒரு வாரம்கூட விட்டதில்லை. நம் தெருவில் நீளக் கம்பி இழுத்துக் கட்ட இடமில்லை. ஒரு பக்கம் கரண்டு லைன், மறுபக்கம் எதிர்வீட்டுக்காரரின் தென்னை, அதற்கு மேல் எதிர்வீட்டுக்காரரின் வாய். அதனால்தான் ஏசி ரிப்பேர்க்காரர்களிடம் செப்புக் குழாய் வாங்கி ஆள் உயரத்துக்கு வளையமாக வளைத்து, மாடியறைச் சுவருக்கு வெளியே நிறுத்தினார்.

குழாயை வளைப்பது பெரிய காரியமில்லை. வளையத்தின் இரண்டு முனையும் சந்திக்கிற இடத்தில் ஒரு கண்டென்சர் வேண்டும். பழைய ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றத் திருகினால் உள்ளே அரைவட்டத் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வெளியே வருமே, அதுதான். அதைத் திருகினால்தான் வளையம் நமக்கு வேண்டிய அலைவரிசைக்கு வந்து நிற்கும். ஆனால் ரேடியோவில் இருக்கிற சின்னதை இதில் மாட்டினால் தகட்டுக்குத் தகடு நீலமாகப் பொறி பறக்கும். நாங்கள் பேசுகிற செட்டு சின்னதுதான் என்றாலும் அந்த இடத்தில் ஆயிரக்கணக்கில் வோல்ட் ஏறி நிற்கும். கடையில் கேட்டால் யானை விலை, குதிரை விலை. ஆகவே அலுமினியத் தகடு வாங்கி அரைவட்டமாக வெட்டி, ஓரம் எல்லாம் அரம் போட்டுத் தேய்த்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் வாஷர் போட்டு இடைவெளி விட்டு, திருகுமரை போட்ட கம்பியில் கோத்தார். இரண்டு பக்கமும் தாங்குவதற்குக் கரண்டு பாயாத பலகை வேண்டும். "ஏங்க, காய் நறுக்குத வெள்ள பிளாஸ்டிக் பலகையக் காணலயே" என்று கேட்டேன். "அது இனிமே கத்திரிக்காய்க்கு ஆவாதுளா" என்றார். அந்தப் பலகையில் அவர் போட்ட துளைகளை இன்றைக்கும் மாடியில் பார்க்கலாம்.

இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம், இதைக் கவனமாகப் படி. அந்த வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் போய் நின்றாலே அது சுருதி மாறிவிடும். தொட வேண்டாம், நின்றாலே போதும். மனித உடம்பும் அதற்கு ஒரு தகடுதான். கிட்டே நின்று திருகி, சரியாக வந்துவிட்டது என்று கையை எடுத்துவிட்டு நகர்ந்தால், நகர்ந்த மாத்திரத்தில் ஸ்டேஷன் போய்விடும். இதற்கு எல்லாரும் என்னென்னவோ உபாயம் செய்கிறார்கள். உன் அப்பா செய்த உபாயம், நகராமல் அங்கேயே நின்றுவிடுவது. நான் மாடியறைக்குள் செட்டுக்கு முன்னால் ஹெட்போன் போட்டு உட்கார்ந்திருப்பேன். அவர் வெளியே சுவரோரம் நின்று திருகுவார். காதில் இரைச்சல் பொங்கினால் வளையம் சரியான இடத்தில் நின்றுவிட்டது என்று அர்த்தம், உடனே சத்தம் கொடுப்பேன். அதன் பிறகு நான் பேசி முடிக்கும் வரைக்கும் அவர் அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. "ஏளா, காலு மரத்துப் போச்சு, அவங்ககிட்ட என்னத்தத்தான் அப்படிப் பேசுத" என்று வெளியிலிருந்து கத்துவார். "அசையாதிய, அசையாதிய" என்று நான் உள்ளிருந்து கத்துவேன். திருகு வட்டில் எந்த அலைவரிசைக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று கோடு கீறி வைத்தாரே, அத்தனை கோடும் அவர் அங்கே நிற்கும்போது கீறியவை. அவர் உடம்பையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது.

வெள்ளம் வந்த அந்த மார்கழியில் அவர் ஏரலில் உன் அத்தை வீட்டில் இருந்தார். கையில் சின்ன செட்டு, பாட்டரி, ஒரு சிறிய வளையம். மறுநாள் காலை பலகாரம் சாப்பிட்டதும் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். பிறகு பெய்த மழையை உனக்கு நான் சொல்ல வேண்டாம். விடிந்து வெகுநேரமாகியும் வெளிச்சம் வரவில்லை. கரண்டு இல்லை, போன் இல்லை. இன்வெர்ட்டர் பாட்டரியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் செட்டைப் போட்டேன். வந்தார் ஐயா. தந்தி அடியாகத்தான் வந்தார். அவர் கையை நான் எந்த நெரிசலிலும் கண்டுபிடிப்பேன், கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துத்தான் விடுவார். தெருவில் தண்ணீர் ஓடுகிறது, மாடியில் இருக்கிறோம், தங்கச்சி நன்றாக இருக்கிறாள், பயப்படாதே என்றார். நான் பதில் கொடுத்தேன், கிடைத்தது என்றார். அப்புறம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அந்த நேரத்தில் மழை சாய்ந்து அடித்துத் தகடுகளுக்கு நடுவே தண்ணீர் இறங்கிவிட்டது. வளையம் விலகிவிட்டது, காதில் ஒன்றுமில்லை.

வெளியே நின்று திருகுவதற்கு ஆளில்லை. ஸ்பீக்கரைப் பெரிதாக வைத்துவிட்டு நானே ஓடினேன், மழை இரைச்சலில் தந்தி அடி பிரிந்து கேட்காது, பொங்குவது மட்டும்தான் தெரியும். திருகி, உள்ளேயிருந்து சத்தம் பொங்குவதைக் கேட்டுவிட்டு ஓடி வந்தால், நான் நகர்ந்ததில் அது மறுபடியும் போய்விட்டது. மறுபடி ஓடினேன். நகர்ந்தால் எவ்வளவு விலகும் என்று உத்தேசித்துக் கொஞ்சம் கூடுதலாகத் திருகிவிட்டு வந்தேன். உள்ளே வந்து ஹெட்போனை மாட்டும்போது அவர் முடித்துக்கொண்டிருந்தார். கடைசி இழுப்பு மட்டும்தான் என் காதில் விழுந்தது. மறுபடி சொல், மறுபடி சொல் என்று அடித்துக்கொண்டே இருந்தேன். பதில் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரைத் தூக்கி வரக் கீழே இறங்கினார், அந்தச் சமயம் பார்த்துத் தண்ணீர் இழுத்துவிட்டது என்று உன் அத்தை பிறகு சொன்னாள். நான் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், கடைசியில் என்ன அடித்தார். அவளுக்கு அந்த பாஷை தெரியாது, பாவம். "என்னமோ ரொம்ப நேரம் தட்டிக்கிட்டே இருந்தாவ மைனி. தட்டும்போது சிரிச்சாவ" என்றாள். அவர் எதற்குச் சிரித்தார் என்று தெரியாமலே நான் செத்துப்போவேன். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் தினமும் முயற்சி செய்கிறேன்.

காரியமெல்லாம் முடிந்து எல்லாரும் அவரவர் ஊருக்குப் போன பிறகு, மாடியறைச் சுவரில் ஓட்டை போட்டு, வயரிங் வேலைக்கு வைக்கிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கண்டென்சர் தண்டில் மாட்டி உள்ளே கொண்டுவந்தேன். திருகு வட்டையும் உள்பக்கம் பொருத்திக்கொண்டேன். இனி யாரும் வெளியே நிற்க வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே திருகலாம். கோட்டுக்கு நேராக நிறுத்தினேன். இரைச்சல் பொங்கவில்லை. தகடுகளை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிய பிறகுதான் பொங்கியது. வேறு கோட்டில் வைத்தேன், அங்கும் அப்படித்தான். எல்லாக் கோடும் ஒரே பக்கமாக விலகியிருந்தன. குழாயை மாட்டியதில் பிசகு என்று நினைத்துக் கழற்றி மாட்டினேன். அதன் பிறகுதான் புரிந்தது, ஒன்றும் பிசகவில்லை, அவர் இல்லை. ஒரு ஆள் இல்லை என்பது எவ்வளவு என்று எனக்கு விரல் நுனியில் தெரியும். நெல் மணி அகலம். தினமும் சாயங்காலம் போய் உட்காருவேன், கோட்டில் வைப்பேன், நெல் மணி அகலம் தள்ளுவேன், அழுவேன், பிறகு யாருடனாவது பேசிவிட்டுக் கீழே வருவேன். புதுக் கோடு கீற எனக்கு மனம் வரவில்லை.

நீ உன் கல்யாண வேலைக்கென்று வந்து, இங்கேயே இருந்து ஆபீஸ் வேலையும் பார்த்தாயே, அந்தச் சமயத்தில் ஒருநாள் கோட்டில் வைத்த உடனே இரைச்சல் பொங்கியது. கை அப்படியே நின்றுவிட்டது. மறுநாளும் பொங்கியது. சில நாள் பொங்காது, பல நாள் பொங்கும். நான் பேய் பிசாசு என்று உடனே கையெடுத்துக் கும்பிடுகிறவள் இல்லை, அது உனக்கே தெரியும். கொடியில் ஈரத்துணி காய்வதாலா என்று துணியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி நிறைந்திருந்தாலா, குறைந்திருந்தாலா என்று பார்த்தேன். கடற்காற்று வீசுகிற நாளா, வெயில் கொளுத்திய நாளா என்று பார்த்தேன். எதிலும் ஒத்து வரவில்லை. ஒத்து வருகிற காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், உன் அப்பா உயரத்தில், அவர் கனத்தில், அவர் நிற்கிற இடத்தில் ஒருவர் அசையாமல் நிற்கிறார்.

கதவைத் திறந்து பார்த்திருக்கலாமே என்று கேட்பாய். அந்தச் சுவரில் ஜன்னல் இல்லை. பார்க்க வேண்டுமானால் எழுந்து, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, கதவைத் திறந்து சுற்றிக்கொண்டு போக வேண்டும். நான் எழுந்து போனால் வளையத்துக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். நான் நின்றால் சுருதி மாறும். அன்றைக்கு மழையில் அப்படி எழுந்து போனதில்தான் அவர் கடைசியாகச் சொன்னது எனக்குக் கிடைக்காமல் போயிற்று. இந்தத் தடவை நான் எழுவதாக இல்லை. கையைத் திருகிலிருந்து எடுக்காமல், மூச்சைக்கூடப் பையத்தான் விட்டுக்கொண்டு, காது கொடுத்து உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயம் இருந்தது. அதைவிடச் சந்தோஷம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் உன் மாமியார் ஆகப்போகிறவள் முன்னால் வாயை விட்டேன். தூத்துக்குடியிலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள், நல்ல மனுஷர்கள், காப்பி குடித்துக்கொண்டு இருந்தார்கள். "மைனி, இவ்வளவு பெரிய வீட்ல ஒத்தையில இருக்கியளே, பயமா இருக்காதா?" என்று அந்தம்மா கேட்டாள். "எனக்கென்ன பயம்? அவுகதான் சாயங்காலமானா மாடியில வந்து நிக்காகளே" என்றேன். தூத்துக்குடிக்காரர்கள் அத்தனை பேர் கையிலும் டம்ளர் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பெண், உனக்கு வரப்போகிறவள், என் கையைப் பிடித்துக்கொண்டாள், அது ஒன்று போதும் எனக்கு. நீ எப்படி இருந்தாய் என்று பார்த்தேன். சுண்ணாம்பு போல வெளுத்துப்போனாய். சபையில் மானத்தை வாங்கிவிட்டாளே என்று உனக்கு வெட்கம் என நினைத்தேன். அவர்கள் போன பிறகு நீ என் முகத்தைப் பார்க்காமலே, "டாக்டர்ட்ட போவோம்மா" என்றாய். மறுநாளே ஆபீஸில் அவசரம் என்று கிளம்பிவிட்டாய்.

நீ போன அன்று சாயங்காலம் கோடு விலகிவிட்டது. மறுநாளும் விலகியிருந்தது, நெல் மணி அகலம். அதற்கு மறுநாளும். மூளை மெதுவாகத்தான் வேலை செய்தது. பகல் வெளிச்சத்தில், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வளையத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கண்டென்சர் மேல் மழைக்கென்று நான் போட்டிருந்த மூடியைத் தூக்கினால், தகடுகளுக்கு இடையே ஒரு பொட்டுத் தூசி இல்லை. காகிதத்தைக் கீற்றாக நறுக்கி உள்ளே விட்டு, ஒவ்வொரு தகடாகத் துடைத்திருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு நான் அதைத் துடைத்தவளே இல்லை, தண்டில் குழாய் மாட்டியதோடு சரி, தகடுகளைத் தொட எனக்குத் தைரியம் வந்ததில்லை. எதிர்வீட்டுக்காரர் வந்து துடைத்திருக்கப் போவதில்லை. செத்துப்போனவர்களும் துடைக்க மாட்டார்கள். "ஆத்துப் பக்கம் நடந்துட்டு வாரேம்மா" என்று நீ தினமும் கிளம்பினாயே, வெளிப்படி வழியாக ஏறி அங்கே வந்து நின்றிருக்கிறாய். நான் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், காலடிச் சத்தம் கேட்காது என்று உனக்குத் தெரியும்.

நான் சபையில் அதைச் சொன்னபோது அவர் இல்லை, நான்தான் என்று உன்னால் சொல்ல முடியவில்லை. அதற்குத்தான் வெளுத்தாய். மானத்துக்கு இல்லை. எனக்கு இப்போது தெரிகிறது, உனக்கு என் மேல் கோபமில்லை, என்னை ஏமாற்றிவிட்டோமே என்று அடித்துக்கொள்கிறது. அந்தக் குற்ற உணர்ச்சியைச் சுமந்துகொண்டு மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்காதே. நீ ஏமாற்றவில்லை. உன் உடம்பும் உன் அப்பா உடம்பும் அந்தத் தகடுகளுக்கு ஒரே கனமாகத் தெரிந்திருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. காரணம் தெரிந்த நாளிலிருந்துதான் எனக்கு மாடிக்குப் போகப் பயமாக இருக்கிறது. முன்பு சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருந்தார். இப்போது யாருமில்லை என்று நிச்சயமாகத் தெரிகிறது. நேற்று திருகில் கை வைத்துவிட்டு, திருகாமலே இறங்கி வந்துவிட்டேன்.

வளையத்தைக் கழற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. டாக்டரிடமும் வருகிறேன், ரத்த அழுத்தத்தையாவது பார்க்கட்டும். ஆனால் முதலில் நீ வா, ஒளிந்து வராதே. அம்மா, நான் மாடியில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்து நில். ஓசூருக்கு வந்து உன்னோடு இருப்பதா, இங்கேயே இருப்பதா என்பதையெல்லாம் அதற்குப் பிறகு பேசுவோம். நீ ஏன் அங்கே வந்து நின்றாய் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். இத்தனை நாளும் கண் முன்னால் இருந்தது, நான்தான் என் துக்கத்திலேயே கிடந்து கவனிக்கவில்லை. இந்தத் தடவை வந்திருந்தபோது உனக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். நீ அதைத் தொடவில்லை. ஆறிப்போய், கடைசியில் தொட்டியில் ஊற்றினாய். சின்னதிலிருந்து அதற்காக அடம் பிடித்து அழுத பிள்ளை நீ. வெள்ளத்துக்கு முந்திய நாள், ஆபீஸில் யாருக்கோ கொடுக்க வேண்டும், உடன்குடிக் கருப்பட்டி நல்லதாக வேண்டும், அத்தைக்குத் தெரிந்த இடத்தில் வாங்கி வாருங்கள் என்று அப்பாவுக்குப் போன் பண்ணினாய். அன்றைக்குத்தான் அவர் ஏரலுக்குப் போனார். கருப்பட்டிக்காக அப்பாவைத் தண்ணீரில் தள்ளிவிட்டோம் என்று இத்தனை காலமாக நீ உள்ளுக்குள் வைத்துப் புழுங்குகிறாய். இல்லை என்று சொல்லாதே, நான் உன்னைப் பெற்றவள்.

கேள் ஐயா. நீ போன் பண்ணியபோது நான் பக்கத்தில் நின்றேன். உன் அப்பா வாசற்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். தோளில் பை இருந்தது. சின்ன வளையத்துக்கென்று அவர் புதிதாகக் கட்டிய கண்டென்சர் அதற்குள் துண்டில் சுற்றியிருந்தது. அது ஏரலிலிருந்து இங்கே எட்டுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும் என ஒரு வாரமாகக் குதித்துக்கொண்டிருந்தவர், அன்றைக்கு ஏரல் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அப்போதுதான் மணி அடித்தது. "அதுக்கென்னலே, உனக்காவ இன்னைக்கே போயி வாங்கிட்டு வாரேன்" என்று உன்னிடம் சொன்னார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஏங்க இப்படிப் புளுகுதிய? பையத் தூக்கித் தோளுல போட்ட பெறவுதான அவன் பேசினான்" என்றேன். "இருக்கட்டும்ளா. நம்ம கேட்டதுக்காவ அப்பா போறாவன்னு நெனச்சா, புள்ளைக்கு ஒரு சந்தோஷம்லா" என்றார்.